பெரிய சொகுசு எஸ்யூவியில் டயர் சீக்கிரம் தேய்கிறதா? தேய்ந்த இடத்தைக் கொண்டு காரணம் கண்டறியும் முறை

ரேஞ்ச் ரோவர், மெர்சிடீஸ் ஜிஎல்எஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்5, எக்ஸ்7, ஆடி கியூ7, வால்வோ எக்ஸ்சி90 போன்ற வாகனங்கள் ஆளில்லாத நிலையிலேயே 2 டன்னைத் தாண்டும். சில மாடல்கள் இரண்டரை டன்னையும் கடக்கும். இவற்றுக்குரிய 20, 21, 22 அங்குல டயர்கள் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் செலவு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். ஆயினும் டயர் தேய்ந்துவிட்டது என்று கடைக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இரண்டே யோசனைகள்தாம்: புது டயர் போடுங்கள், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைத் திருத்துதல்) செய்யுங்கள். தேய்மானத்துக்கு உண்மையான காரணம் சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ஒரு ரப்பர் புஷ்ஷிலோ, காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனின் உயர உணரியிலோ இருக்குமானால், இந்த இரண்டு யோசனைகளும் அதைத் தொடாமலே போய்விடும். புது டயரும் பழைய டயரின் வழியிலேயே போகும். ஆகவே கழற்றிய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வராமல், அது எந்த இடத்தில் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

எது இயல்பு, எது மிகை

சாலைக்கான புதிய எஸ்யூவி டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்தின் அடியில் குறுக்கே தெரியும் சிறு மேடுகள், ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டதைக் காட்டுபவை. மத்திய மோட்டார் வாகன விதிகள் கார்களுக்கு அனுமதிக்கும் கடைசி எல்லையும் அதுவே. 8 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய டயருக்குத் தேய்வதற்கென்று இருப்பது 6.4 மி.மீ. ரப்பர். 8,000 கி.மீ. ஓட்டத்தில் 1 மி.மீ. குறைந்தால் அந்த டயர் 50,000 கி.மீ.யை ஒட்டி வரும். அதே தூரத்தில் 2 மி.மீ. குறைந்தால் 25,000 கி.மீ.யிலேயே முடிந்துவிடும். எடையும் இழுவிசையும் மிகுந்த இவ்வகை வாகனங்களில் 30,000 முதல் 45,000 கி.மீ. வரை கிடைப்பதை இயல்பு என்று ஏற்கலாம். 20,000 கி.மீ.க்குள் முடிந்தாலோ, ஒரே டயரின் இரு ஓரங்களுக்கிடையே 1.5 மி.மீ.க்கு மேல் வேறுபாடு தெரிந்தாலோ காரணம் தேடியே ஆக வேண்டும். மழைக்காலத்தைக் கருதினால், இவ்வளவு அகலமான டயர்களை 3 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. அகலம் கூடக் கூட, தேங்கிய நீரின் மேல் டயர் மிதந்து பிடியை இழக்கும் வாய்ப்பும் கூடும்.

அளவெடுத்தல்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஆழமானி போதுமானது. ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று பள்ளங்களிலும், சுற்றளவில் மூன்று வெவ்வேறு இடங்களிலும் அளந்து தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உள் ஓரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது. வாகனம் நிற்கும் நிலையில் அது கண்ணுக்குத் தெரியாது. வெளி ஓரத்தில் 5 மி.மீ. பள்ளம் பளிச்சென்று இருக்கும்போதே உள் ஓரத்தில் கம்பி வெளியே வந்திருக்கும் நிலை இவ்வாகனங்களில் அரிதன்று. முன் சக்கரங்களை முழுவதுமாகத் திருப்பி வைத்தால் உள் ஓரம் புலப்படும். பின் டயர்களுக்கு வாகனத்தை லிஃப்டில் ஏற்றுவதே சரியான வழி. அளந்து முடித்ததும் உள்ளங்கையால் டயரின் பரப்பைக் குறுக்காக, இரு திசைகளிலும் தடவிப் பாருங்கள். கம்பி தெரிந்த டயரிலும் ரப்பர் நூலாகப் பிரிந்திருக்கும் டயரிலும் கையை வைக்க வேண்டாம். அதை மேலும் ஆராயாமல் உடனே மாற்றிவிடுவதே முறை.

அறிகுறி: உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது

இவ்வகை வாகனங்களில் மிக அதிகமாகக் காணப்படுவதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த அறிகுறிதான். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உட்புறமாகச் சாய்ந்திருக்கும் கோணத்துக்குக் கேம்பர் என்று பெயர். உயரமான, கனமான வாகனம் வளைவில் நிலைகுலையாமல் திரும்ப வேண்டும் என்பதற்காக, குறிப்பாகப் பின் சக்கரங்களுக்கு இந்தச் சாய்வைத் தொழிற்சாலையிலேயே கொடுத்திருப்பார்கள். சாய்வு ஒன்றரை டிகிரி என்றும் தரையைத் தொடும் அகலம் 240 மி.மீ. என்றும் கொண்டால், உள் ஓரம் வெளி ஓரத்தைவிட ஏறத்தாழ 6 மி.மீ. கூடுதலாக அழுந்த வேண்டியிருக்கும். சிறிய காரின் குறுகிய டயரில் இதே சாய்வு அவ்வளவாகத் தெரியாது. எனவே ‘கேம்பர் அதிகம், இந்த வண்டிக்கு இது இயல்பு’ என்ற பதில் பாதி உண்மைதான்.

மறுபாதி உண்மை டோ எனப்படும் கோணத்தில் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்முனை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவே டோ. ஒரு சக்கரம் தான் செல்ல வேண்டிய திசையிலிருந்து 0.2 டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றரை மீட்டர் தூரம் அது பக்கவாட்டில் இழுபடுகிறது, 10,000 கி.மீ. ஓடி முடிக்கையில் 35 கி.மீ. தூரம் ரப்பரைச் சாலையில் குறுக்காகத் தேய்த்ததற்குச் சமம். கேம்பர் மட்டும் சற்று மிகையாக இருந்தால் உள் ஓரம் மெதுவாக, வழவழப்பாகத் தேயும். அதனுடன் டோவும் பிசகியிருந்தால், கேம்பர் ஏற்கெனவே எடையைக் குவித்து வைத்திருக்கும் அதே உள் ஓரத்தை டோ சுரண்டத் தொடங்கும். அப்போது சில ஆயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே டயர் முடிந்துவிடும். உள் ஓரம் விரைவாகத் தேய்ந்திருந்தால் முதல் சந்தேகம் டோவின் மீதே விழ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த கேள்வி, டோ ஏன் பிசகியது என்பது. அதை மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது இடம், சக்கரத்தை வாகனத்தின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ். சொகுசுக்காக இவ்வாகனங்களில் மென்மையான ரப்பர் புஷ்களும், சிலவற்றில் உள்ளே திரவம் நிரப்பிய புஷ்களும் பொருத்தப்படுகின்றன. எடையும் குழிகளும் வேகத்தடைகளும் சேர்ந்து அவற்றைக் கிழிக்கின்றன. திரவம் உள்ள புஷ்ஷில் எண்ணெய் வழிந்த கறுப்புத் தடம் தெரியும். புஷ் கிழிந்த வாகனம் நிற்கும்போது கோணம் சரியாகவே இருக்கும். பிரேக்கை அழுத்தும்போதோ குழியில் இறங்கும்போதோ ஆர்ம் நகர்ந்து சக்கரத்தைத் திருப்பிவிடும். அலைன்மென்ட் இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளில் எல்லா எண்களும் பச்சையாக இருந்தும் டயர் தேய்வதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். டிஸ்கவரி 3, முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் ஆகியவற்றை நெடுநாள் வைத்திருப்பவர்களுக்கு முன் லோயர் ஆர்ம் புஷ்ஷும் உள் ஓரத் தேய்மானமும் சேர்ந்தே வருபவை என்பது நன்கு தெரியும். லிஃப்டில் ஏற்றி, கடப்பாரை போன்ற நெம்புகோலால் ஆர்மை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் ஜாயிண்ட், டை ராட் முனை, பின் சக்கரங்களின் டோ லிங்க் ஆகியவற்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது இடம், வாகனத்தின் உயரம். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வாகனம் 20 மி.மீ. தாழ்ந்தால் கேம்பர் கூடும், டோவும் மாறும். காற்றுப்பை கசிந்து ஒரு மூலை தாழ்வது, உயர உணரியின் இணைப்புத் தண்டு வளைவது, உணரியை மாற்றிவிட்டு மறுசீரமைக்காமல் விடுவது, தோற்றத்துக்காக வண்டியைத் தாழ்த்தும் கருவி பொருத்துவது என எல்லாமே இங்கேதான் கொண்டுவந்து விடும். சமதளத்தில் நிறுத்தி, சாதாரண உயர நிலையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் அதற்கு நேர் மேலே உள்ள மட்காட்டின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் முதலில் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். இரவு நிறுத்திய வாகனம் காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கசிவு உறுதி. எந்நேரமும் ஸ்போர்ட் நிலையிலேயே ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள், அந்த நிலையில் வாகனம் தாழ்ந்தே ஓடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாகத்தான் அலைன்மென்ட் திருகுகள். குழியில் பலமாக இறங்கிய பிறகு, அல்லது கோணத்தை மாற்ற உதவும் மையம் விலகிய போல்ட்டுகள் துருவேறி இறுகியதால், கோணம் உண்மையாகவே மாறியிருக்கலாம். புஷ்ஷும் உயரமும் சரி என்று உறுதியான பிறகுதான் இதைத் தொட வேண்டும். கிழிந்த புஷ்ஷின் மேல் செய்த அலைன்மென்ட் வண்டி கடையை விட்டு வெளியேறும் வரைதான் நிற்கும்.

அறிகுறி: தடவினால் ரம்பப் பல் போல் உறுத்துகிறது

கண்ணுக்கு டயர் சீராகத் தெரியும். குறுக்காகத் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் ரப்பர்க் கட்டிகளின் விளிம்பு கையைக் கீறும். இது டோ பிசகின் தொடக்கக் கட்டம். வெளியிலிருந்து உள்நோக்கித் தடவும்போது வழவழப்பாகவும் திரும்பி வரும்போது கரடாகவும் இருந்தால் சக்கரம் மிகையாக உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. நேர்மாறாக இருந்தால் வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது. இந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் டயரைக் காப்பாற்றிவிடலாம். நேர்ச் சாலையில் ஸ்டியரிங் நடுவில் நில்லாமல் சற்றுத் திரும்பியே இருப்பதும் துணை அறிகுறி. பின் சக்கரங்களின் டோ சமமாக இல்லாதபோதும் அப்படி நேரும் என்பதால், முன் சக்கரங்களை மட்டும் திருத்தித் தரும் கடையில் இந்தச் சிக்கல் தீராது.

அறிகுறி: இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு உயர்ந்திருக்கிறது

காற்று குறைவு. ஆனால் ‘நான் வாரம்தோறும் காற்று பிடிக்கிறேனே’ என்று சொல்பவரின் டயரிலும் இதைக் காணலாம். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை ஏறியிருக்கும். பெட்ரோல் பங்க்குக்கு 10 கி.மீ. ஓட்டிச் சென்று, அங்கே வாகனத்தின் அட்டையில் உள்ள எண்ணுக்குச் சரியாக நிரப்பினால், மறுநாள் காலையில் டயர் குளிர்ந்த நிலையில் அது 4 பிஎஸ்ஐ குறைவாகவே இருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவின் தூணில் ஒட்டியுள்ள அட்டையின் எண்கள் குளிர்ந்த டயருக்கு உரியவை. சாதாரணப் பயணத்துக்கும் முழுச்சுமைக்கும் அதில் தனித்தனி எண்கள் இருக்கும்; ஏழு பேரும் பெட்டிகளுமாகப் புறப்படும்போது இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே சிறிய மின்கம்ப்ரசர் வைத்துக்கொண்டு, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் நிரப்புவதே இதற்கு நிலையான தீர்வு.

டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கை நம்பி இருந்துவிடக் கூடாது. அமெரிக்க விதியின்படி அந்த விளக்கு, அழுத்தம் பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் எரிய வேண்டும். 36 பிஎஸ்ஐ தேவைப்படும் டயர் 27க்கு இறங்கும் வரை விளக்கு மௌனமாக இருக்கலாம் என்பது இதன் பொருள். 30 பிஎஸ்ஐயில் மாதக்கணக்கில் ஓடும் இரண்டரை டன் வாகனத்தின் இரு ஓரங்களும் அதற்குள் கரைந்துவிடும். காற்றிறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-பிளாட் டயர்களில் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் காற்றுக் குறைவு கண்ணுக்கும் தெரியாது.

வெளி ஓரம் மட்டும், அதுவும் முன் டயர்களில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்றோடு ஓட்டும் இடத்தையும் கருத வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளையோ அடிக்கடி ஏறி இறங்கும் கனமான வாகனத்தில் வெளி ஓரம் உருண்டு தேய்வது எதிர்பார்க்கத்தக்கதே. நெருக்கமான இடத்தில் வண்டி நின்ற நிலையிலேயே ஸ்டியரிங்கை முழுவதும் திருப்புவதும் அகலமான முன் டயரை அரைக்கும்; சற்றே உருளவிட்டுத் திருப்பினால் போதும்.

அறிகுறி: நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கிறது

காற்று மிகை. முழுச்சுமைக்குரிய அழுத்தத்தை நிரப்பிவிட்டு, ஆண்டு முழுவதும் ஓட்டுநர் ஒருவராகவே ஓட்டும் வாகனங்களில் இது வரும். பின் அச்சுக்கே பெரும்பங்கு இழுவிசையை அனுப்பும் வாகனங்களில், பலமாக முடுக்கும் பழக்கமும் பின் டயரின் நடுவைத் தேய்க்கும். அட்டையின் எண்ணுக்குத் திரும்பினால் போதும்.

அறிகுறி: குழிகுழியாகத் தேய்ந்து, ஓடும்போது முனகுகிறது

சுற்றளவில் ஒரு சாண் இடைவெளியில் மேடும் பள்ளமுமாக இருந்தால், சக்கரம் சாலையில் ஒட்டி ஓடாமல் குதித்து ஓடியிருக்கிறது. ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், பேலன்சிங் போயிருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம். 21, 22 அங்குல ரிம்களின் மேல் அமர்ந்திருக்கும் டயரின் பக்கச்சுவர் மெலிதாக இருப்பதால், ஆழமான ஒரே குழியில் ரிம்மின் உள் விளிம்பு வளைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரத்தை எடையில்லாமல் சுழலவிட்டு, விளிம்பு தள்ளாடுகிறதா என்று பாருங்கள். மின்னணுக் கட்டுப்பாடுள்ள ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லாவிட்டாலும் பிழைக்குறியீடு பதிவாகியிருக்கலாம் என்பதால், ஸ்கேனர் வைத்துப் படிக்காமல் அது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இந்த முனகலைச் சக்கரத் தாங்கியின், அதாவது வீல் பேரிங்கின் சத்தம் என்று நினைத்து அதை மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் வீண் செலவு. வேகத்தை மாற்றாமல் வண்டியை மெதுவாக இடமும் வலமும் வளைத்து ஓட்டும்போது சத்தம் கூடிக் குறைந்தால் பேரிங். தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மை மாறினால் டயர்.

டயரில் ஒரே ஓர் இடம் மட்டும் புடைத்தோ தேய்ந்தோ இருந்து, ஓடும்போது ‘தட் தட்’ என்று அடித்தால் உள்ளேயுள்ள இழைப்பட்டை பிரிந்திருக்கக் கூடும். அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக அருகிலுள்ள கடைக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: நான்கும் சீராகவே தேய்கின்றன, ஆனால் வெகு வேகமாக

இங்கே வாகனத்தில் கோளாறு இல்லாமலிருக்கலாம். சொகுசு எஸ்யூவியுடன் வரும் டயர்கள் பல, பிடிமானத்துக்காக மென்மையான ரப்பரால் செய்யப்பட்டவை. பக்கச்சுவரில் உள்ள தேய்மான எண் 240, 300 என்றிருந்தால், 500 என்று பொறித்த டயரின் ஆயுளை அதனிடம் எதிர்பார்க்க இயலாது. அந்த எண்ணைத் தயாரிப்பாளரே நிர்ணயிப்பதால், ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட மட்டுமே அதைப் பயன்படுத்துவது நல்லது.

எடைக்குறியீட்டையும் கட்டாயம் பாருங்கள். 275/45 ஆர்21 என்ற ஒரே அளவில் 107 என்று பொறித்த டயரும் உண்டு, 110 என்று பொறித்த கூடுதல் சுமை டயரும் உண்டு. முன்னது 975 கிலோவையும் பின்னது 1,060 கிலோவையும் தாங்கும். வாகனத்துக்கு 110 தேவை என்று கையேட்டில் இருக்க, விலை குறைவு என்று 107ஐ மாட்டினால் தேய்மானம் மட்டுமன்று, பாதுகாப்பே கேள்விக்குரியதாகிவிடும். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறி, மெர்சிடீஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ என்று டயரில் இருக்கும் அடையாளங்கள், அந்த வாகனத்துக்கென்றே ஒப்புதல் பெற்றவை என்பதைக் காட்டும். முடிந்தவரை அவற்றையே நாடுவது நல்லது.

ரொட்டேஷன் செய்யாததும் ஒரு காரணம். நான்கு டயர்களும் ஒரே அளவென்றால் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றலாம். எக்ஸ்5 போன்றவற்றின் 21 அங்குல அமைப்பில் முன்னே 275/40, பின்னே 315/35 என்று அளவு வேறுபடுவதால் அங்கே இதற்கு வழியில்லை; பின் டயர்கள் முதலில் தீர்வதை ஏற்றுக்கொள்ளவே வேண்டும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வாகனத்தில் ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றுவதும் தவறு. சுற்றளவு வேறுபாட்டால், இழுவிசையை முன்பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓய்வின்றி உழைக்கும். டயரைவிடப் பன்மடங்கு விலையுள்ள பழுது அங்கே தொடங்கும்.

அலைன்மென்ட் செய்யும் இடத்தில் கேட்க வேண்டியவை

நான்கு சக்கரங்களையும் அளந்து, பின் டோவையும் திருத்தித் தரும் இடமாக இருக்க வேண்டும். அளப்பதற்கு முன் காற்றழுத்தம் சரிபார்க்கப்பட வேண்டும். இயந்திரத்தில் உங்கள் வாகனத்தின் சரியான மாடலும் ஏர் சஸ்பென்ஷன் வகையும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே திரையைப் பாருங்கள். சாதாரண ஸ்பிரிங் உள்ள மாடலின் எண்களுக்கு இதைத் திருத்திவிட்டால் எல்லாம் பச்சையாக இருந்தும் எதுவும் சரியாக இராது. வாகனத்தின் உயரம் அளவெடுக்கும் நேரம் முழுவதும் நிலையாக நிற்க வேண்டும். லேண்ட் ரோவர் வாகனங்களில் இதற்கென்றே ‘டைட் டாலரன்ஸ்’ என்னும் நிலை உண்டு. ஸ்கேனர் மூலம் அதை இயக்கிய பிறகுதான் அளக்க வேண்டும். முடிந்ததும் ஸ்டியரிங் கோண உணரியை மறுசீரமைக்கவும், கேமராவும் ரேடாரும் உள்ள வாகனமென்றால் அவற்றுக்கு மறுசீரமைப்பு தேவையா என்று சரிபார்க்கவும் சொல்லுங்கள். திருத்துவதற்கு முன், திருத்திய பின் என இரண்டு அளவுகளும் அச்சிட்ட தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பின் 2,000 கி.மீ. ஓட்டிவிட்டு ஆழமானியை மீண்டும் எடுத்து, முன்பு குறித்த அதே இடங்களில் அளக்க வேண்டும். உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் உள்ள வேறுபாடு மாறாமல் நின்றால் கோளாறு தீர்ந்தது. அது அரை மில்லிமீட்டர் கூடியிருந்தால், மீண்டும் அலைன்மென்டுக்குப் போகாமல் வாகனத்தை லிஃப்டில் ஏற்றி, புஷ்களையும் உயரத்தையும் இன்னொரு முறை சோதிக்கச் சொல்லுங்கள்.